1955 அக்டோபர் 4 புரூக்ளின் முத்திரை: இந்தக் கவரை நம்பலாமா?

மூன்றுசென்ட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறேன். தபால்தலை எனக்குப் பள்ளிக்கூட நாள் பழக்கம். பேஸ்பால் என் மகள் கொண்டுவந்து ஒட்டிவிட்ட வியாதி. அவளுக்குப் பதினோரு வயது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் நியூயார்க் யாங்கீஸ் அணியின் தொப்பி போட்டுக்கொண்டு திரிய, இவள் மட்டும் டாட்ஜர்ஸ், அதாவது 1957 வரை புரூக்ளினில் ஆடிவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன அணி. ஏன் என்று கேட்டால் "அவங்கதானே ராபின்சனை எடுத்தாங்க" என்கிறாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

இருவருமாகச் சேர்ந்து எங்கள் தபால்தலை கிளப்பின் கண்காட்சிக்கு ஒரு ஃபிரேம் வைக்கிறோம். 16 பக்கம். "டாட்ஜர்ஸ்: புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை". கையில் இருப்பவை: 1982 ஜாக்கி ராபின்சன் 20 சென்ட், கூப்பர்ஸ்டவுன் முதல் நாள் உறை (தபால்தலை வெளிவந்த நாளின் முத்திரை விழுந்தது). இருபதாம் நூற்றாண்டைப் பத்துப் பத்து ஆண்டாகச் சொல்லும் வரிசையில் 1999இல் வந்த ஐம்பதுகளின் தாள். 2001இன் பழைய மைதானங்கள் வரிசையில் டாட்ஜர்ஸின் புரூக்ளின் மைதானமான எபெட்ஸ் ஃபீல்ட், 34 சென்ட். 2006 ராய் கேம்பனெல்லா, 39 சென்ட்.

போன மாதம் ஒரு கண்காட்சியில் ஒரு வியாபாரியிடம் 60 டாலருக்கு ஒரு கவர் வாங்கினேன். 3 சென்ட் சுதந்திர தேவி தபால்தலை, புரூக்ளின் அஞ்சலகத்தின் மெஷின் முத்திரை, தேதி 1955 அக்டோபர் 4. டாட்ஜர்ஸ் முதன்முதலாக வேர்ல்ட் சீரிஸ் (ஏழு ஆட்டங்களில் நாலை முதலில் ஜெயிப்பவர் சாம்பியன்) ஜெயித்த அதே நாள். இடப்பக்கம் நீல நிறத்தில் ஒரு கேஷே, அதாவது உறையில் அச்சிட்ட அலங்காரப் படம்: மட்டை, பந்து, ஒரு கொடி, "உலக சாம்பியன்கள்" என்ற வாசகம். விலாசம் புரூக்ளினின் ஃப்ளாட்புஷ் பகுதியில் ஒரு வீட்டுக்கு, டைப் அடித்தது.

வாங்கும்போது கை நடுங்கியது. வீட்டுக்கு வந்தபின் மனம் நடுங்குகிறது. இது நிஜமானதா? இன்னொரு கேள்வி: இந்த அணிக்கென்று அமெரிக்கா ஒரு தபால்தலையாவது போட்டிருக்கிறதா? தேடித் தேடி ஆட்டக்காரர்கள்தான் கிடைக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பாதிக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. ஏழெட்டுப் பக்கம் காலியாகக் கிடக்கிறது.

சிவப்புக்காலுறை எழுதியது:

60 டாலரா! சரி, போனது போகட்டும்.

அணிக்கென்று தபால்தலை வேண்டுமானால் நீங்கள் தப்பான அணியைப் பிடித்திருக்கிறீர்கள். 1969 செப்டம்பர் 24 அன்று 6 சென்ட்டில் தொழில்முறை பேஸ்பாலின் நூற்றாண்டுத் தபால்தலை வந்தது. முதல் நாள் ஊர் எது? சின்சினாட்டி. 1869இல் ஆட்டக்காரர் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடவிட்ட ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் நூறாவது ஆண்டு அது. தபால்தலையில் அணிப் பெயர் இல்லைதான். ஆனால் முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்கிறதே. உங்களிடம் இருக்கும் 2001 வரிசையிலேயே எங்கள் க்ராஸ்லி ஃபீல்டும் இருக்கும், பாருங்கள். 1935இல் பெரிய லீக்கின் முதல் இரவு ஆட்டம் அங்கேதான். ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்தபடி பொத்தானை அழுத்தி விளக்கைப் போட்டார்.

மகளை எங்கள் பக்கம் அனுப்புங்கள். ஃபிரேம் தானாக நிரம்பும்.

பெட்ஃபோர்ட்_அவென்யூ எழுதியது:

காலுறைக்காரரே, பிள்ளையைக் கலைக்காதீர்.

தம்பி, விலை கிடக்கட்டும். எனக்கு இரண்டு விவரம் வேண்டும். அந்த வட்ட முத்திரைக்குள் தேதி மட்டும் இருக்காது. மேலே வளைவாக ஊர்ப்பெயர், நடுவில் மாதமும் நாளும், அதன் கீழே நேரம், அப்புறம் ஆண்டு. அந்த நேரம் என்ன? லென்ஸ் வைத்துப் பார். அடுத்தது, கேஷேயின் வலது ஓரம் எங்கேயாவது முத்திரையின் கறுப்பு மையைத் தொடுகிறதா? தொட்டால், எந்த மை மேலே, எது கீழே?

பார்த்துவிட்டு எழுது. அதுவரை இந்தக் கவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

மூன்றுசென்ட் எழுதியது:

ஐயா, 10 மடங்கு லென்ஸ் இரவல் வாங்கிப் பார்த்தேன்.

நேரம் 11.30 ஏ.எம். தெளிவாக இருக்கிறது. கொடியின் நுனி வட்டத்தை ஒரு மயிரிழை தொடுகிறது. அந்த இடத்தில் நீலம்தான் கறுப்புக்கு மேலே ஓடுகிறது. இன்னொன்று, வெறும் கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரிந்த கொடி, லென்ஸில் பொடிப்பொடிப் புள்ளியாக இருக்கிறது. அதில் நடுநடுவே சிவப்புப் புள்ளி கூட.

இது நல்லதா, கெட்டதா?

பெட்ஃபோர்ட்_அவென்யூ எழுதியது:

அந்த ஏழாவது ஆட்டம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு யாங்கி ஸ்டேடியத்தில் தொடங்கியது. ஜானி பாட்ரஸ் கடைசி வரை தானே பந்து வீசி, யாங்கீஸுக்கு ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. 2-0. இரண்டு ரன்னும் கில் ஹாட்ஜஸ் புண்ணியம். ஆறாவது இன்னிங்ஸில் யோகி பெர்ரா இடப்பக்க ஓரமாக அடித்த பந்தை சாண்டி அமொரோஸ் ஓடிப்போய் எட்டிப் பிடிக்காமல் இருந்தால் அன்றைக்கே கதை மாறியிருக்கும். ஆட்டம் முடிந்தபோது சாயங்காலம் மூன்றரை மணி தாண்டிவிட்டது.

உன் கவரில் முத்திரை விழுந்தது காலை 11.30க்கு. முதல் பந்து வீச இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் "உலக சாம்பியன்கள்" என்று படம் போட்டு அஞ்சல் பெட்டியில் போட்டவர் யார்? புரூக்ளின்காரர் யாரும் அப்படிச் செய்திருக்கமாட்டார். 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஏழு முறை வேர்ல்ட் சீரிஸ் போய் ஏழு முறையும் தோற்றுத் திரும்பிய ஊர் அது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதுதான் அந்த ஊரின் தாரக மந்திரம். ஜெயிக்கும் முன் ஜெயித்துவிட்டோம் என்று அச்சடிக்கும் தைரியம் அங்கே எவருக்கும் கிடையாது.

ஆக, உறை நிஜம். தபால்தலை நிஜம், உள்ளூருக்கோ வெளியூருக்கோ, சாதாரணக் கடிதத்துக்கு அன்று 3 சென்ட்தான். முத்திரையும் நிஜம். படம் மட்டும் பின்னால் வந்து ஏறிக்கொண்டது; அதனால்தான் நீலம் கறுப்புக்கு மேலே ஓடுகிறது. நீ சொல்லும் அந்தப் பலநிறப் பொடிப்புள்ளி வீட்டுக் கம்ப்யூட்டர் பிரிண்டர் விடும் புள்ளி. இந்த மாதிரிக்கு எங்கள் வட்டத்தில் 'ஆட்-ஆன் கேஷே' என்று பெயர். பழைய கவர்க் குப்பையில் நல்ல தேதியாகப் பொறுக்கியெடுத்து, காலியாக இருக்கும் இடப்பக்கத்தில் படம் அடித்து விற்பது. படம் புதுசு என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை. சொல்லாமல் விற்றால்தான் கோளாறு. உன் வியாபாரி சொன்னாரா, நீ கேட்டாயா என்பது எனக்குத் தெரியாது. நானும் இதே மாதிரி ஏமாந்து, ஒன்றல்ல நாலு கவர் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி வீட்டில் இன்றுவரை மூச்சு விட்டதில்லை.

சரி, இப்போது என் பேச்சைக் கேள். இந்தக் கவரைத் தூக்கிப் போடாதே. 60 டாலர் இதற்கு அதிகம்தான். ஆனால் சாயங்காலம் 6 மணி முத்திரை உள்ள கவரை விட எனக்கு இது ஒசத்தி. யோசித்துப் பார். ஃப்ளாட்புஷில் யாருக்கோ யாரோ ஏதோ சமாசாரம் டைப் அடித்து அனுப்புகிறார்கள். கரன்ட் பில்லோ, கல்யாணப் பத்திரிகையோ. மெஷினில் அது ஓடும் நேரத்தில் ஊர் முழுக்க வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. புரூக்ளின் இன்னும் ஒரு தடவை கூட ஜெயிக்காத கடைசிச் சில மணி நேரத்துக்கு உன் கையில் தேதியும் நேரமும் போட்ட சாட்சி இருக்கிறது. அதன் மேல் எவனோ கொடியை வரைந்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான். பக்கத்தில் உண்மையை எழுதி வை: "முத்திரை 11.30 ஏ.எம்., ஆட்டம் 1 மணிக்கு, கேஷே பிற்காலத்தது." கண்காட்சி நடுவர் குறை கண்டுபிடிக்கும் முன் நாமே சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் அடி விழும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அணிக்குத் தபால்தலை இல்லை. தபால்தலையிலேயே தேடிக்கொண்டிருந்தால் டாட்ஜர்ஸ் உனக்கு அகப்படவே மாட்டார்கள். முத்திரையில் தேடு. தபால்தலை வாஷிங்டனில் முடிவாகி வருவது. முத்திரை அந்தந்த ஊரில் விழுவது.

முதலில் அந்த ஊர்ப்பெயரையே பார். "புரூக்ளின், என்.ஒய்." 1898இல் புரூக்ளின் தனி நகரம் என்ற அந்தஸ்தை இழந்து நியூயார்க்கோடு சேர்ந்துவிட்டது. மன்ஹாட்டனில் போட்ட கடிதத்துக்கு "நியூயார்க், என்.ஒய்." என்று விழும்; பாலம் தாண்டிவிட்டால் பழையபடி "புரூக்ளின்". நகராட்சி போய்விட்டது, மேயர் போய்விட்டார், அஞ்சல் முத்திரையிலும் பேஸ்பால் சட்டையிலும் மட்டும் ஊர்ப்பெயர் மிச்சம் இருந்தது. 1957இல் அணி ஊரை விட்டுக் கிளம்ப, சட்டையும் போய்விட்டது. நான் இங்கே வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1979இல். எபெட்ஸ் ஃபீல்ட் இருந்த இடத்தில் நிற்கும் அடுக்குமாடி வழியாகத்தான் பல வருஷம் வேலைக்கு நடந்து போனேன். மைதானத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் என் பெட்டியில் 1957 செப்டம்பர் 24 புரூக்ளின் முத்திரையோடு ஒரு சாதாரண கவர் இருக்கிறது. எபெட்ஸ் ஃபீல்டில் டாட்ஜர்ஸ் ஆடிய கடைசி நாள். பிட்ஸ்பர்கை 2-0 என்று ஜெயித்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஏழாயிரம் பேர் கூட இல்லை. அந்தக் கவருக்கு நான் கொடுத்தது ஒரு டாலர். கேஷே கிடையாது, ஒன்றும் கிடையாது. என்னிடம் இருப்பதிலேயே அதுதான் எனக்குப் பிடித்தது.

(காலுறைக்காரரின் 1969 தபால்தலையும் ஒரு செப்டம்பர் 24 அன்றுதான் வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே தேதி. இதை வைத்து நான் ஒன்றும் சொல்ல வரவில்லை, சும்மா கவனித்தேன்.)

உன்னிடம் இருக்கும் தபால்தலைகள் எந்த ஊர் முத்திரையோடு வெளிவந்தன என்று பார்த்தாயா? ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் இறங்கி, பெரிய லீக்கில் கறுப்பினத்தவரை ஆடவிடாத நிறத்தடையை உடைத்தார். 1982 ஆகஸ்ட் 2 அன்று அவருக்குத் தபால்தலை வந்தபோது முதல் நாள் முத்திரை கூப்பர்ஸ்டவுனுக்குப் போனது. பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் அங்கே இருப்பதால் அது நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஒரு சின்ன வருத்தம். கேம்பனெல்லா கதை இன்னும் வேடிக்கை. பத்து வருஷம் புரூக்ளினுக்குக் கேட்சராக நின்ற மனிதர். 2006 ஜூலை 15 அன்று அவர் தபால்தலையை வெளியிட்ட இடம் யாங்கி ஸ்டேடியம்! கூட வந்த மூவரில் யாங்கீஸின் மிக்கி மேன்டில் வேறு. எதிரி வீட்டில் வைத்து சீமந்தம் செய்த மாதிரி.

அந்த ஐம்பதுகள் தாளை முழுசாக வைக்காதே, பக்கத்தை அடைக்கும். அதில் உனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. "வேர்ல்ட் சீரிஸ் எதிரிகள்" என்பது யாங்கீஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும். அமெரிக்கத் தபால்தலைகளில் அணிக்கு மிகப் பக்கத்தில் வருவது அதுதான். மற்றது 1951 அக்டோபர் 3இல் ஜயன்ட்ஸின் பாபி தாம்சன், டாட்ஜர்ஸின் ரால்ஃப் பிரான்கா வீசிய பந்தில் அடித்த ஹோம் ரன். நம் அணியின் மிகப் பெரிய தோல்விக்கு அரசாங்கமே தபால்தலை போட்டிருக்கிறது. அதையும் வை. தோல்வியை விட்டுவிட்டு வரலாறு சொன்னால் சுவை இருக்காது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பாதிக்கு நாளைக்கு எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

சிவப்புக்காலுறை எழுதியது:

ஐயா நாளைக்கு வரும் வரை ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எபெட்ஸ் ஃபீல்டின் முதல் இரவு ஆட்டம் 1938 ஜூன் 15. வந்த அணி எங்கள் சின்சினாட்டி ரெட்ஸ். எங்கள் ஜானி வாண்டர் மீர் அன்று ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முடித்தார், 6-0. நாலு நாள் முன்னால் பாஸ்டனுக்கு எதிராகவும் அதையே செய்திருந்தார். அடுத்தடுத்து இரண்டு, அப்படி இன்றுவரை யாரும் செய்ததில்லை. உங்கள் ஊர் விளக்கைப் போட்டு எங்கள் ஆளைப் பார்க்க வைத்தீர்கள். நன்றி. அந்தத் தேதி கவர் யாரிடமாவது இருந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

பெட்ஃபோர்ட்_அவென்யூ எழுதியது:

இருக்கிறது. தரமாட்டேன்.

தம்பி, லாஸ் ஏஞ்சல்ஸ். 1958 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. கொலீசியத்தில் முதல் ஆட்டம், 78,672 பேர், எதிரே அதே சமயம் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த ஜயன்ட்ஸ். அந்தத் தேதி "லாஸ் ஏஞ்சல்ஸ், கலிஃப்." முத்திரை ஒன்று தேடு. அதில் 3 சென்ட் இருக்கும். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று கடிதக் கட்டணம் 4 சென்ட் ஆனது. ஆக, புது ஊரில் முதல் சீசனின் முதல் பாதிக்கு 3, பின்பாதிக்கு 4. ஏப்ரல் கவரையும் செப்டம்பர் கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பேஸ்பால் தெரியாத நடுவரும் நின்று பார்ப்பார். கேம்பனெல்லாவைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுது. அந்த ஆண்டு ஜனவரியில் கார் விபத்தில் உடம்பு செயலிழந்து, லாஸ் ஏஞ்சல்ஸுக்காக ஒரு ஆட்டம் கூட அவரால் ஆட முடியவில்லை. 1959 மே 7 அன்று அவருக்காக யாங்கீஸ் வந்து ஆடிய ஆட்டத்துக்கு 93,103 பேர் வந்தார்கள். அந்தத் தேதிக்கு 4 சென்ட்.

1962 ஏப்ரல் 10, டாட்ஜர் ஸ்டேடியம் திறந்த நாள். அதுவும் 4 சென்ட். ஜெயித்தது ரெட்ஸ். காலுறைக்காரர் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து டாட்ஜர்ஸின் பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ். அமெரிக்கத் தபால்தலையில் அவரைத் தேடாதே. உயிரோடு இருப்பவருக்குத் தபால்தலை போடுவதில்லை, இறந்தபின்னும் குறைந்தது மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. அவருக்கும் முத்திரைதான் கதி. 1965 செப்டம்பர் 9, எதிரணியில் ஒருவரைக் கூட பேஸ் ஏற விடாமல் ஆடிய அந்த ஆட்டம். ஆட்டம் முடிந்தது இரவு 9.46. இப்போது உனக்கே தெரியும், 9ஆம் தேதி மத்தியான முத்திரையோடு 'பெர்ஃபெக்ட் கேம்' என்று படம் போட்ட கவர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. விலாசத்தில் ஜிப் கோடு இருந்தால் அதற்காகப் பயப்படாதே, அது 1963 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் 1955 கவரில் ஜிப் கோடு பார்த்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடு.

1988 வேர்ல்ட் சீரிஸ் வெற்றிக்கு செயின்ட் வின்சென்ட் தீவு மறு ஆண்டே டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர் படங்களோடு தாள் போட்டது. கலர் நன்றாக இருக்கும், பிள்ளைக்குப் பிடிக்கும். ஒட்டி ஒரு கடிதமாவது போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு மூலையில் வை, போதும்.

கடைசிப் பக்கத்தை நீங்களே உண்டாக்கிவிடலாம். அஞ்சல் துறையின் போஸ்டல் புல்லட்டினில் சிறப்புப் பட முத்திரைகளின் பட்டியல் வரும். எந்த ஊர், எந்த நாள், எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இருக்கும். கடிதக் கட்டணத்துக்குக் குறையாத தபால்தலை ஒட்டிய உன் விலாச உறையைப் பெரிய உறைக்குள் வைத்து, குறித்த கெடுவுக்குள் அனுப்பினால் முத்திரை போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். காசு வாங்கமாட்டார்கள். உள்ளே ஒரு கெட்டி அட்டை செருகு, இல்லாவிட்டால் முத்திரை பாதி விழும், பாதி விழாது. உறை மடிப்புக்கு மேல் தபால்தலை ஒட்டாதே.

சாதாரணத் தேதி முத்திரை வேண்டுமானால் கவுன்ட்டரில் கொடுத்துக் கையால் குத்தச் சொல்ல வேண்டும். பெட்டியில் போட்டால் பெரிய மையத்துக்குப் போய் மெஷின் கறுப்புத் தூறலாகத் தெளித்துவிடும், ஊர்ப்பெயர் கூட நம்முடையதாக இருக்காது.

மூன்றுசென்ட் எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. இதையெல்லாம் மகளுக்குப் படித்துக் காட்டினேன். 11.30 விஷயம் கேட்டதும் அவளுக்கு ஒரே குஷி. அந்தக் கவருக்கு அவளே ஒரு வாசகம் எழுதிவிட்டாள்: "இந்தக் கடிதம் கிளம்பும்போது புரூக்ளின் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருந்தது." கூடவே கீழே சின்ன எழுத்தில்: "நீலப் படத்தை நம்ப வேண்டாம்."

60 டாலர் பற்றி அவள் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உங்கள் வழிதான்.

பெட்ஃபோர்ட்_அவென்யூ எழுதியது:

வாசகம் பிரமாதம். ஒரே ஒரு திருத்தம். அன்று காலை சீரிஸ் 3-3 என்று சமமாக நின்றது. "இன்னும் தோற்றுக்கொண்டுதான்" என்பதை "இன்னும் ஒரு முறை கூட ஜெயித்ததில்லை" என்று மாற்றச் சொல். சின்ன எழுத்தில் எழுதியதை அப்படியே விடு.